அரைப் புள்ளி
விளையாட்டரங்கின் பரிசோதனை அறைக்கு வெளியே, ஜன்னல் வெயில் சாய்ந்து விழும் இடத்தில், சக்கர நாற்காலி ரக்பி அணியின் கேப்டன் உட்கார்ந்திருக்கிறான். மோதி மோதி நசுங்கிய சக்கரத் தகடுகள் மின்னுகின்றன. போன இரண்டு உலகப் போட்டிகளிலும் கடைசி இடம் வாங்கித் தலைகுனிந்து திரும்பிய தேசிய அணியை, இந்த முறை அரையிறுதிக்காவது இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று வைராக்கியமாக இருக்கிறவன். கதவைத் திறந்துகொண்டு பயிற்சியாளர் வருகிறார். அவன் முகத்தை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் பேசுகிறார். "உன் வலது கைக்கு அரைப் புள்ளி ஏத்திட்டாங்கப்பா." உடம்பு எவ்வளவு அசைகிறதோ அவ்வளவு புள்ளி, களத்தில் இறங்கும் நால்வரின் புள்ளிகளைக் கூட்டினால் எட்டைத் தாண்டக் கூடாது. "உன்னை இறக்கினா எட்டரை ஆயிடுது. உனக்காக மத்த மூணு பேர்ல ஒருத்தனை மாத்தினா ஆட்டமே குலைஞ்சிடும். நீ வெளிய உக்காந்து பசங்களுக்குத் தைரியம் குடு." தோளைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார். உள்ளே களத்தில் இரும்போடு இரும்பு மோதும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கைபேசி அதிர்கிறது. மனைவி. விபத்துக்குப் பிறகு தினமும் காலையில் தவறாமல் அவன் விரல்களை நீட்டி மடக்கிப் பழக்குகிறவள். "டாக்டருங்க பாத்தாங்களா? என்ன சொன்னாங்க?" "கை தேறியிருக்காம்." மறுமுனையில் அழுகையும் சிரிப்புமாக, "நான்தான் சொன்னேன்ல," என்கிறாள். "வீட்டுக்கு வாங்க, இன்னும் விடாமப் பண்ணுவோம்." "பண்ணலாம்மா," என்கிறான். மடியில் கிடக்கும் வலது கை தன்பாட்டுக்கு ஒரு விரலை மடக்குகிறது. யாருடையதோ போல அதை வெறுப்போடு பார்த்துக்கொண்டிருக்கிறான்.