சுண்ணாம்பு மூட்டை

பழைய போன் தகடுகளைக் கரைத்த திராவகம் பட்டறை வாளியில் பச்சையாக நின்றது. அடியில் தங்கப்பொடி படிந்திருந்தது. குட்டைத் தவளை வந்து திராவகத்திடம் முறையிட்டது:

"அண்ணே, போன தடவை உங்களக் குட்டையில கொட்டினாங்க. என் முட்டையெல்லாம் வெந்துபோச்சு. மறுபடி இட்டிருக்கேன்."

"நானா போறேன் தாயி? சுண்ணாம்பு போட்டா அடங்கிடுவேன். மூட்டை மூலையில கிடக்கு, முதலாளிக்குப் பிரிக்கத்தான் மனசில்ல."

"குட்டைக் கதை எனக்கெதுக்கு? நான் சுத்தத் தங்கம்" என்றது பொடி.

"காலையில எனக்குள்ள கரைஞ்சு கிடந்தது யாராம்?" என்றது திராவகம்.

முதலாளி வந்தார். பொடியை வடித்தெடுத்துக் கழுவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு சுண்ணாம்பு மூட்டையைப் பிரித்தார். தவளைக்கு உயிர் வந்தது.

நாளை மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி பார்வையிட வருகிறாராம். வாசல் சுவருக்கு இரண்டு பூச்சு வெள்ளையடித்தார். மூட்டை காலியானதும் வாளியைத் தூக்கிக்கொண்டு குட்டைக்கு நடந்தார்.

அவருக்கு முன்னால் தவளை தத்தித் தத்தி ஓடியது.