நெற்களத்தில் ஒரு போட்டோ

தஞ்சாவூரில் பூங்காவுக்குள் இருக்கிற அருங்காட்சியகம். ஜன்னல் வழியாக வந்த வெயில் தரையில் கட்டம் கட்டமாகக் கிடக்கிறது. வெளியே குழந்தைகள் ரயில் கூவிக்கொண்டே சுற்றுகிறது. அங்கே மர நிழலில் இரண்டு வீட்டாரும் காத்திருக்கிறார்கள். குடவாசல் பூர்ணிமாவும், அவளைப் பெண் பார்க்க சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிற தமிழரசனும் பேசிப் பார்க்க உள்ளே வந்திருக்கிறார்கள். பூர்ணிமா இன்னும் பிடி கொடுக்கவில்லை.

“வயலுக்குப் போவீங்களா?” என்று கேட்கிறாள் பூர்ணிமா.

“அப்பா பாத்துக்கறாருங்க. நான் போயி ஒம்பது வருஷமாச்சு.”

அவள் முகம் சுவர்ப் படங்களின் பக்கம் திரும்பிவிடுகிறது. கூடத்தின் நடுவே சாணம் மெழுகிய ஒரு களம், அதில் நிஜ நெல். வருகிறவர்கள் செருப்போடு ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

“ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? அம்மா கேக்கும்,” என்கிறான் அவன்.

தமிழரசன் சிங்கப்பூர் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே, ஒற்றைக் காலில் நின்று ஷூ நாடாவை அவிழ்க்கிறான்.

“ஷூவோடயே ஏறலாம் சார். சும்மா காட்சிக்கு வச்சதுதான்,” என்கிறார் காவலாளி.

“இருக்கட்டுங்க. நெல்லாச்சே.”

சாக்ஸ் ஓட்டையில் கட்டைவிரல் எட்டிப் பார்க்கிறது. பூர்ணிமா சிரிப்பை அடக்கிக்கொண்டு போனைக் காதில் வைக்கிறாள்.

“அம்மா, அவங்க பூ வைக்கிறதுன்னா இங்கயே வந்து வைக்கச் சொல்லு.”