ஒரு சொட்டு மிச்சமில்லை

“உன் புருஷனுக்கு வயிறா அது, இல்லே வண்ணான் தாழியா?”

பக்கத்து லயத்து வீட்டுப் பெத்தம்மாள் அக்கா கேட்டதில் தப்பே இல்லை.

ஜெயமணி தனிக்குடித்தனம் வந்து நாலு மாதம். வீரமுத்து சாப்பிட்டு எழுந்தால் குழம்புச் சட்டியைக் கழுவவே வேண்டாம். அப்படி வழித்து வைத்திருப்பான். ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு கடி பச்சை வெங்காயம். கடைசியில், “பஸ்ட் கிளாஸ்!” அவளுக்கென்று இருப்பது, பங்களாவிலிருந்து அவன் கொண்டு வரும் ரொட்டியும் கறித்துண்டும்தான்.

“கைப்பிள்ளைக்காரிக்கு ஒரு கரண்டி குழம்பு வைக்கத் தோணலையே அந்த மனுசனுக்கு!”

“என் கைமணம் அப்படிக்கா” என்று ஜெயமணி தலையைக் குனிந்துகொண்டாள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கே சமைக்கிறவன் பாராட்டுகிறான், சும்மாவா?

ஆனாலும் மனசுக்குள் ஒரு குறை. சமைக்கும்போது ருசி பார்த்தால் எச்சில் என்று அம்மா வளர்த்த வளர்ப்பு. புருஷன் சாப்பிட்ட பிறகுதான் அவள் நாக்கில் படவேண்டும். அந்தப் பெருந்தீனிக்காரன் மிச்சம் வைத்தால்தானே!

அந்த ஞாயிற்றுக்கிழமை துரைக்குப் பிறந்தநாள். பகல் விருந்து. பங்களாவில் கை பற்றாதென்று ஜெயமணியும் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனாள்.

குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் ஒரு பாட்டில், மூடி திறந்து நின்றது.

“அதைத் தொட்டுடாதே புள்ள. பிரான்ஸ் தேசத்து ஒயினு. துரைசானி துரைக்காக ஆசையா கப்பல்ல வரவழைச்சது. பதினாலு வருசத்துப் பழசாம்.”

“பதினாலு வருசமா? நம்ம கள்ளு மறுநாளே மூஞ்சியில அடிக்குமே!”

“இது வேற. ஆட்டுக்கறிக்குச் சிவப்பு ஒயினு, மீனுக்கு வெள்ளை ஒயினு. மாத்தி ஊத்தினா மானம் போயிரும்.”

“கள்ளுக்குக் கருவாடு மாதிரியா?”

“அதேதான். கத்தியும் முள்ளும்தான் கூட.”

சிரித்துக்கொண்டே வீரமுத்து தட்டு வைக்கப் போனான்.

ஜெயமணி பாட்டிலைப் பார்த்தாள். அடியில் விரற்கடை அளவுக்கு மண்டி. அடடா, சத்தெல்லாம் கீழே தங்கிவிட்டதே! பிரசவத்துக்குப் பிறகு டிஸ்பென்சரி டிரெஸ்ஸர் மருந்து கொடுக்கும்போதெல்லாம் சொல்வார், “குலுக்காமக் குடிச்சா மருந்து பாட்டிலுக்கு, தண்ணி உனக்கு.”

கட்டைவிரலால் பாட்டில் வாயை அடைத்துக்கொண்டு, நாலு குலுக்குக் குலுக்கினாள்.

“அடிப்பாவி!” வீரமுத்து வாசலிலேயே நின்றுவிட்டான். “அந்த மண்டி தெளியணும்னுதான் ரெண்டு நாளா அசைக்காம நிக்க வச்சிருந்தேன்!”

“மருந்து அடியில தங்கிருச்சேன்னு...”

“எனக்கு முன்னால இருந்த குக்கு சூப்புல உப்பு கூடினதுக்கே பெட்டியைத் தூக்கினான். துரை நம்மளையும் இன்னிக்கே விரட்டப் போறாரு.”

உள்ளே மணி அடித்தது. மாரியாத்தாளை வேண்டிக்கொண்டு பாட்டிலை எடுத்துப் போனான்.

கதவிடுக்கில் ஜெயமணி கண்ணை வைத்தாள். துரை, துரைசானி, அலோர் காஜா தோட்டத்திலிருந்து வந்த இன்னொரு துரை. வீட்டுத் துரை முதலில் தன் கிளாசிலேயே ஊற்றிக்கொண்டார்.

‘விருந்தாளிக்கு முன்னாடி தானே எச்சில் பண்றாரே!’ என்று அந்தப் பதற்றத்திலும் அவளுக்குப் பட்டது.

துரை கிளாசை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். மலாக்கா ஆற்று வெள்ளம் மாதிரி இருந்தது. மோந்தார். ஒரு வாய் உறிஞ்சினார்.

கசக்கும் கொயினா மாத்திரையைக் கடித்த பிள்ளை மாதிரி முகம் அஷ்டகோணலாகப் போனது.

துரை துரைசானியைப் பார்த்தார். அந்தம்மா வாயைத் திறந்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பஸ்ட் கிளாஸ்!” என்றார் துரை.

விருந்தாளி கிளாசை நீட்டினார். துரை பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

கறி எடுக்க வந்த வீரமுத்து கிசுகிசுத்தான், “பொறந்தநாள் பரிசாம். யாருக்கும் பங்கு கிடையாதாம்.”

துரைசானிக்குக்கூட ஒரு சொட்டு இல்லை. ஒரு மடக்கு ஒயின், அது இறங்க ஒரு துண்டு ஆட்டுக்கறி, அதன்மேல் அப்பிய கடுகு விழுது. பாட்டில் காலியாகும்வரை துரை ஓயவில்லை. துரைசானிக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

கறுப்போ வெள்ளையோ, ஆம்பிளை என்றால் வயிறுதான் என்று ஜெயமணி முகவாயை இடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சோறு போட்டாள். பயம் தெளிந்ததும் சிரிப்பு வந்தது.

“சேத்தைக் குடிச்சிட்டு பஸ்ட் கிளாஸ்னாரே! அது நாக்கா, செருப்புத் தோலாங்க?”

“நாக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கை கழுவும்போது, ‘பாட்டிலைக் குலுக்கினது யாரு, குக்கு?’ன்னு கேட்டாரு.”

அவளுக்குச் சிரிப்பு நின்றது. “ஐயையோ! வேலை?”

“போகலை. துரைசானி காதுல மட்டும் விழக் கூடாதுன்னுட்டாரு.”

“அப்போ, தெரிஞ்சேவா குடிச்சாரு?”

“ம்.”

“அதுக்கு ஒரு வாயோட நிறுத்தியிருக்கலாமே. முழுசையுமா குடிக்கணும்?”

“மிச்சம் வச்சா அந்தம்மா ருசி பாத்துருமே, புள்ள.”

சொல்லிவிட்டு வெங்காயத்தை ஒரு கடி கடித்தான். குழம்புச் சட்டியைத் தன் பக்கம் இழுத்தான்.

ஜெயமணி வெங்காயத்தைப் பார்த்தாள். சட்டியைப் பார்த்தாள்.

“பஸ்ட் கிளா...”

அவன் முடிப்பதற்குள் சட்டியைப் பிடுங்கி, விரலால் வழித்து நாக்கில் வைத்தாள்.

துரையின் முகம் போன கோணல் அத்தனையும் அவள் முகத்துக்கும் வந்தது.