அம்மா மண்டபத்தில் காத்திருந்தவள்

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூண் மறைவில் நின்றாள் மயிலம்மாள். ஆடிப்பெருக்குக் கூட்டத்தில் படித்துறையே தெரியவில்லை. அப்பா கண்ணில் பட்டால் இங்கேயே வெட்டிப் போட்டுவிடுவார்.

"யாரைம்மா தேடறே? பேரைச் சொல்லு, கூப்பிட்டு விடறேன்" என்றாள் பக்கத்தில் இருந்த பூக்காரி. மயிலம்மாளுக்குப் பேர் வாயில் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

கேவலம், ஒரு வேட்டியின் சரிகை அகலம் போதவில்லை என்று ஆரம்பித்த சண்டை. உறையூர் வெள்ளைச்சாமியும், அதாவது இவள் அப்பாவும், இவள் இங்கே காத்துநிற்கும் ஸ்ரீரங்கத்து அழகிரியின் அப்பாவும் நடுத்தெருவில் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். அந்த வீட்டு வாசலை மிதித்தால் நீ எனக்குப் பெண்ணே இல்லை என்று இவர் கத்த, ஆடி போனதும் பையனுக்கு வேறு பெண் பார்க்கப் போவதாக அவர் ஊரெல்லாம் தமுக்கடித்துக்கொண்டிருந்தார்.

இவளை அரித்தது அது மட்டுமில்லை. வைகாசிக்கு முன்னால் அழகிரியின் முகம்கூட இவளுக்குத் தெரியாது. ஆனி முழுக்கச் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசாதவனுக்கு, சண்டை வந்ததும் எங்கிருந்து முளைத்தது இத்தனை ஆசை? அப்பா மூக்கை உடைக்கத்தான் ஓடி வரச் சொல்கிறானோ? அப்படியானால் இந்தக் காவிரியில் விழுவதைத் தவிர வேறு வழியில்லை.

அழகிரி வந்து சேர்ந்தான். வெளியே ஜட்கா நிற்கிறதாம். துறையூர் பஸ்ஸைப் பிடித்தால் பச்சைமலை அடிவாரத்தில் சிநேகிதன் வீடு இருக்கிறதாம். அவள் நகரவில்லை.

"எங்கப்பாவை ஜெயிக்கத்தானே கூப்பிடறீங்க?"

அவன் முகம் செத்துவிட்டது. "ஜெயிக்கணும்னா நாலு ஆளோட உங்க வீட்டுக்கே வந்திருப்பேன். நீ இல்லாம சோறு இறங்கலை. சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு இத்தனை நாள் ஊமையா இருந்துட்டேன்."

சொல்லும்போதே அவனுக்குக் கண் கலங்கியது. பாவி மனுஷன், இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா என்று இவளுக்கும் அழுகை முட்டியது.

அதற்குள் வெள்ளைச்சாமி கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். பின்னாலேயே ஒரு சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர். என் பெண்ணைக் கடத்துகிறான், பிடித்து உள்ளே போடுங்கள் என்று அழகிரியின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். அழகிரி பதிலுக்குக் கை ஓங்கவில்லை.

போலீஸ்காரர் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளிடம் திரும்பினார். "பயப்படாம சொல்லும்மா. இவன் யாரு உனக்கு?"

மயிலம்மாள் நகர்ந்து அழகிரியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"வைகாசியில எங்கப்பாதாங்க என்னை இவருக்குத் தாரை வார்த்துக் குடுத்தாரு."