முதல் அழுகை

அப்பா காலையில் இறந்துபோனார். அம்மா அழ வாய் திறந்தாள். நான் ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினேன். நாங்கள் ஒரு குக்கர் கம்பெனியின் விளம்பரத்துக்கான மகிழ்ச்சிக் குடும்பம். அவர்கள் கொடுத்த வீட்டில், அவர்கள் வைத்த கேமராக்களுக்கு முன்னால் சிரித்துக்கொண்டே சாப்பிடுவதுதான் எங்கள் பிழைப்பு.

கம்பெனி மானேஜர் நிவேதனுக்குப் போன் செய்தேன்.

"அடடா, ரொம்ப வருத்தம் தம்பி. யாராவது அழுதுட்டீங்களா?"

"இன்னும் இல்ல சார்."

"நல்லவேளை. சோகம் நம்ம பிராண்டுக்கு ஆகாது. ஆனா இப்ப சோகத்துக்குத்தான் ரீச், ஜனங்க விழுந்து விழுந்து பாக்கறாங்க. உங்களை ஊதுபத்தி கம்பெனிக்கு மாத்தி விட்டுடறேன். சாயங்காலம் ஷூட்டிங்குக்கு வருவாங்க. முதல் அழுகை அவங்களுக்கு ஃப்ரெஷ்ஷா வேணும். முன்னாடியே அழுதுட்டா வீட்டைக் காலி பண்ண வேண்டியதுதான்."

"அம்மா மட்டும் பாத்ரூம்ல அழுதுக்கட்டுமா சார்?"

"கண்ணு வீங்கிடும் தம்பி. க்ளோஸப்ல தெரியும்."

அம்மாவிடம் சொன்னேன். தலையாட்டினாள். பழக்கதோஷத்தில் கேமராவைப் பார்த்து லேசாகச் சிரிக்கவும் செய்தாள்.

பக்கத்து வீட்டுப் பூங்கோதை அக்கா ஓடிவந்தார். எந்தக் கம்பெனியும் சீந்தாத குடும்பம் அவருடையது. அப்பாவைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு, அம்மாவைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

அம்மா வறண்ட கண்களோடு அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். மைக்கில் விழாதபடி அவர் காதோரம் குனிந்தாள்.

"எனக்கும் சேத்து அழுதுரு பூங்கோத."