ஸ்பூன் சத்தம்

செவ்வாய்க்கிழமை வந்தால் எனக்கு வயிறு எரியும். எச்.ஐ.வி. முற்றிப்போய், இனி சில வாரம்தான் என்று டாக்டர் கைவிரித்தது எனக்கு. ஆனால் ஆதரவு மையத்திலிருந்து வரும் ஜெசிந்தா என் கட்டிலைத் தாண்டி நேராக என் மனைவியிடம் போய், "தவமணி, நீ சாப்பிட்டியா?" என்பாள். இன்று சீப்பும் எண்ணெயும் வேறு கொண்டுவந்து, அவளைத் தரையில் உட்காரவைத்துத் தலை வாரிவிட்டாள்.

"சீக்காளி நான் இங்க கெடக்கேன்," என்று முனகினேன்.

"உங்களப் பாக்கத்தான் தவமணி இருக்காளே. அவள யாரு பாக்குறது? நான் அவளுக்காகத்தாங்க வர்றேன்."

குரல் தேய்ந்த பிறகு, டம்ளரில் ஸ்பூனால் தட்டித்தான் தவமணியைக் கூப்பிடுகிறேன். ஒரு தட்டு போதும், எங்கிருந்தாலும் ஓடிவந்துவிடுவாள். வாரிவிட்டது போதும், வரட்டும் என்று ஸ்பூனை ஓங்கிக்கொண்டு திரும்பினேன்.

தவமணி ஜெசிந்தாவின் மடியில் சாய்ந்து, வாயைத் திறந்துபோட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணமான பதினோரு வருடத்தில் என் பக்கத்தில் அவள் இப்படித் தூங்கி நான் பார்த்ததேயில்லை. அந்த மடியைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெசிந்தா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டம்ளருக்கு ஒரு விரற்கடை மேலே ஸ்பூன் நின்றது. சத்தம் வராமல் அதைப் படுக்கையில் வைத்தேன்.