கோலுக்கு அடங்கிய வண்டி

பேளுக்குறிச்சி டிராக்டர் கடை வாசலில், உச்சி வெயிலில், சிவப்பும் நீலமுமாக இரண்டு சின்ன டிராக்டர்கள் பளபளக்கின்றன. நடுவே கோகிலா ஒரு மூங்கில் கோலோடு நிற்கிறாள். கொல்லிமலையில் அவள் வீட்டை ஒட்டிய மரவள்ளிக் காட்டுக்குள் நுழைய, இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரே வழிதான். அந்த வழியின் அகலத்துக்கு வெட்டிய கோலை, பஸ்ஸில் வளைவுக்கு வளைவு அணைத்துப் பிடித்துக் கொண்டுவந்திருக்கிறாள். சிவப்பு வண்டியின் பின்சக்கரங்களுக்குக் குறுக்கே கோலை வைத்துப் பார்க்கிறாள். கோல் ஒரு சாண் பற்றவில்லை. "இழுவை இதுலதாங்க ஜாஸ்தி. மரத்துல ஒன்ன எடுத்துட்டாப் போவுது," என்று கடைக்காரர் அவள் கணவன் அர்த்தனாரியிடம் சொல்கிறார். அவனும் தலையாட்டுகிறான். "மரத்துல மிளகுக்கொடி காச்சு நிக்குதுங்க. வண்டிக்காக அதை வெட்டோணுமா? வண்டிதான் என்ற மரத்துக்கு அடங்கி வரோணும்," என்கிறாள் கோகிலா. நீல வண்டியை அளக்கிறாள். சக்கரங்கள் கோலுக்குள் அடங்கி, இரண்டு முனையிலும் நாலு விரல் மிஞ்சுகிறது. கடைக்காரர் முகம் சுண்டி, "ஓட்டிப் பாருங்க," என்று சாவியை அர்த்தனாரியிடம் நீட்டுகிறார். கோகிலா குறுக்கே கை நீட்டி அதை வாங்கிக்கொள்கிறாள். கோலைக் கணவனிடம் கொடுத்துவிட்டு, கொதிக்கும் இருக்கையில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகுகிறாள். வண்டி புகையைத் துப்பி உறுமுகிறது. இன்னும் எதிரிலேயே நிற்கும் கடைக்காரரைப் பார்த்துச் சொல்கிறாள்: "ஏனுங்க, வழிய உடுங்க."